எது மாதிரி இருக்கு

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க, பேச்ச நிறுத்துங்க. பின்னாடி நிக்கிறவங்க கல்லறை மேல காலத் தூக்கி வைக்காதீங்க, உள்ள இருக்கறவரு எந்திரிச்சு வந்து கேட்டா நான் பதில் சொல்ல முடியாது" அப்படின்னு பங்குச் சாமியாரு கொரல்ல, அதே மூக்கடைப்பு, அதே கடைசி எழுத்த இழுக்கற இழுப்போட சின்னப்பன் ஒரு போடு போட்டான் பாருங்க, பாய்ல உக்காந்திருந்த சொந்தக்காரங்க மட்டுமில்ல, நாலு கல்லறை தள்ளி மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருந்த யாரோ ஒரு அம்மா பதறிப்போயி முந்தானையத் தலையில போட்டு சிலுவை போட்டுக்கிச்சு. நெசச் சாமியாரு எங்க இருக்காரு? தோ, அந்தக் கோடியில, வாசல் பக்கத்து மொத வரிசையில, தீர்த்தச் செம்போட ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சுக்கிட்டு வர்றாரு. கல்லறைத் திருநாளு. பொன்மலைக்காரங்க பாதிப்பேரு இங்கதான். செத்தவங்க படுத்திருக்க, இருக்கறவங்க சுத்தி உக்காந்து முறுக்கு திங்கிற நாளு. எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா புருசன் சேசுராஜ், ரயில்வே ஒர்க் ஷாப்ல ரிட்டயரானவரு, "டேய் நீ நரகத்துக்குத்தான்டா போவ"ன்னு தொடையத் தட்டிச் சிரிச்சாரு. "அங்கயும் விசேஷம் இருக்குமில்ல மச்சான், மைக் புடிக்க ஆளு வேணாமா"ன்னான் இவன். மறுபடி சிரிப்பு. நல்ல சிரிப்பு, கொஞ்ச நேரம் தாங்கும். அவனுக்கு அது போதும். ஏன்னா ராக்கினி அக்கா வாயத் தொறக்கப் பாத்துச்சு. அந்த வாய் எப்படித் தொறக்கும்னு அவனுக்குத் தெரியும், மொத உதட்ட நனைக்கும், அப்பறம் தலையச் சாய்க்கும், அப்பறம் "தம்பீ"ன்னு குழையும். அந்தக் குழைவுக்குப் பின்னாடி என்ன வரும்னும் தெரியும். போன வருசம் மாதிரி ஒரே ஒரு தடவ. நம்ம புள்ள மாதிரி பேசிக் காட்டுடா. அதுக்குத்தான் எல்லாரையும் உக்காரச் சொன்னது. கூட்டத்த அடக்கறதுக்கில்ல, ஒருத்தி வாய அடைக்கறதுக்கு.

ஆனா அக்கா இப்ப கேட்டது வேற. "சிரிச்சது போதும், சாமி வர்றதுக்குள்ள வெள்ளையடிச்சிருடா, மானம் போகுது"ன்னுச்சு, மொகவாய நீட்டி கல்லறையக் காட்டி. சுண்ணாம்பு வாளி அவன் கால்கிட்டத்தான் இருக்கு, வெள்ளையடிக்கற மட்ட ஊறிக்கிட்டு, வீட்லருந்து கரைச்சு எடுத்துட்டு வந்தது. வருசா வருசம் அதான் வழக்கம், புல்லப் புடுங்கி, வெள்ளையடிச்சு, பேருக்கு மேல நீலத்துல ஒரு கோடு இழுத்து, சாமந்தி போட்டு, வத்தி ஏத்தணும். எல்லாக் கல்லறையும் அப்படித்தான் பல்லு வெளக்கின மாதிரி பளிச்சுன்னு கெடக்கு. இவங்க புள்ளயோடது மட்டும்? பிலோமினா விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துருச்சு, அவன் பொண்டாட்டி, எங்க போறேன்னும் சொல்லல. இவன் வாளியோட வந்து பாத்தா கல்லறை முழுக்கப் பெயிண்ட்டு. எனாமல் பெயிண்ட்டு, சின்னச் சின்ன டப்பாவா வாங்கியிருக்கு, பிரஷ்ஷால பாதி, துணியால பாதி, மிச்சத்தக் கையாலயே தேச்சிருக்கு. கீழ கறுத்த நீலம், அது மேல ஒரு மஞ்சள் வந்து மோதி நின்னு நகர மாட்டேங்குது, நடுவுல ஒரு செவப்பு, செவப்புன்னும் சொல்ல முடியாது, காஞ்ச புண்ணு நெறம், ஓரத்துல எங்கயும் போகாத ஒரு வெளிர்பச்ச. பூ இல்ல, புறா இல்ல, றெக்க வச்ச சம்மனசு இல்ல. பேரு இருந்த எடமும் பெயிண்ட்டுக்குள்ள போயிருச்சு. சிலுவையில கண்ணாடிக்குள்ள பதிச்சிருந்த ஃபோட்டோ பேந்து கெடக்கு, இல்ல கெடக்கல, பேத்து எடுத்து கூடைக்குள்ள மெழுகுவத்திக் கட்டுக்கு அடியில கவுத்து வச்சிருக்கு. "என்னம்மா பிலோமினா, இது என்ன படம்?"னு ஆளாளுக்குக் கேட்டாச்சு. அது வாயே தொறக்கல. அது எப்பவுமே அப்படித்தான், ஒரு வீட்டுக்கு வேணுங்கற பேச்செல்லாம் புருசனே பேசிடறான். அதனால அதுக்கும் சேத்து இவனே பதில் சொன்னான். காலைலருந்து சொல்லிக்கிட்டிருக்கான். பீட்ரூட் பொரியல் கொட்டிருச்சு மச்சான். இல்ல அக்கா, ஒர்க் ஷாப் பெயிண்ட் கொட்டாயில பூனை சண்ட போட்ருக்கு. இல்லல்ல, இது உலகப் படம், இந்தப் பச்சதான் சிலோனு. ஒவ்வொண்ணுக்கும் சிரிச்சாங்க. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவன் பிலோமினா முதுகப் பாத்தான். முதுகு முதுகாவே இருந்துச்சு.

எது மாதிரி இருக்கு. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே கேள்வி அது. பொழப்பே அந்தக் கேள்விதானே. கொக்கு மாதிரி, குக்கர் மாதிரி, கூட்ஸ் வண்டி கப்ளிங் மோதுற மாதிரி, ஒர்க் ஷாப் சங்கு மாதிரி, ஒரு தடவ அந்தச் சங்க வாயால ஊதிக் காட்டினதும் டூட்டிக்கு நேரமாச்சுன்னு சேசுராஜ் மச்சான் பாதிச் சோத்துல கை கழுவி எந்திரிச்சு ஓடினாரு. ஜவுளிக்கடை ஆட்டோவுல உக்காந்துக்கிட்டு நாலு நடிகருங்க கொரல்ல, வாங்க வாங்க பட்டு வாங்கன்னு தெருத்தெருவாக் கூப்புடறதும் அவன்தான். ஒருத்தரு தும்மினா அந்தத் தும்மலுக்குள்ள அவரு அப்பா யாரு, அவரு எந்த ஊருன்னு இவன் காது சொல்லிரும். எது மாதிரியும் இல்லாத ஒண்ணு இருக்க முடியுமா? அந்த அம்மா இருக்குன்னாங்க. எந்த அம்மா? ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டல்ல தான் வரைஞ்ச படமா மாட்டி வச்சிருந்தாங்களே, நரைச்ச கிராப்பு, ஒட்டுப்போட்ட மூக்குக் கண்ணாடி, எல்லாம் பெரிய பெரிய படம், ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல, நெறம் நெறமா மட்டும். இவன் மைக் புடிக்கப் போயிருந்தான். மேடையில அவங்ககிட்டயே கேட்டுட்டான், "அம்மா, கோச்சுக்காதீங்க, இது எது மாதிரிங்க?"ன்னு. கூட்டம் சிரிச்சுச்சு. அவங்களும் சிரிச்சாங்க. அப்பறம் சொன்னாங்க, மொதல்ல நானும் மரத்த மரமாத்தாங்க வரைஞ்சேன், மனுசன மனுசனாத்தான். எங்கம்மா தவறினப்ப அவங்கள வரைய உக்காந்தேன். மூக்கு வந்துச்சு, கண்ணு வந்துச்சு, மருவு கூட வந்துச்சு, அம்மா வரல. வெறி புடிச்சு உள்ளங்கையால தேச்சு அழிச்சேன். அழிச்ச அந்த இழுப்புல இருந்தாங்க. அன்னைலருந்து எனக்கு மூக்கும் கண்ணும் தேவப்படல. உங்களுக்குத் தாங்க முடியாம வலிக்கறப்ப ஒரு சத்தம் போடுவீங்கல்ல, அது எந்த வார்த்தை மாதிரி இருக்கும்னு சொல்லுங்க பாப்போம்னாங்க. இவன் என்ன பண்ணான்? மைக்குல பல்லு வலிக்காரன் மாதிரி, தேளு கொட்டினவன் மாதிரி, பில்லப் பாத்த மாப்ள மாதிரின்னு வரிசையா ஊளையிட்டான். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்த அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தப்ப வீட்ல அவங்கள மாதிரியே செஞ்சு காட்டினான், கண்ணாடி தொடைக்கறது முதற்கொண்டு. மக ஜெனிட்டா தட்டுல கைய வச்சுக்கிட்டே சொன்னா, "கிண்டல் பண்ணாதப்பா, பாவம் அவங்க." சொன்னா. சொன்னான்னு தெரியுது. வார்த்தை வரிசையா இருக்கு, கிண்டல், பண்ணாத, அப்பா, பாவம், அவங்க. கொரலு? கொரலு எங்க?

ஜெனிட்டா. ஒம்பதாவது படிச்சா. காய்ச்சல்னு படுத்தா, எந்திரிக்கல. அவ்வளவுதான், அதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணுமில்ல, சொல்ல ஆரம்பிச்சா டாக்டரு மாதிரி, நர்ஸு மாதிரி, ஆம்புலன்ஸு மாதிரி வாய் தானா போகும், அதனால சொல்றதில்ல. இப்பக் கண்ண மூடிப் பாக்கறான். சாம்பிராணி வாடை, சாமந்தி வாடை, அது எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு எனாமல் வாடை. கிண்டல் பண்ணாதப்பா. ம்ஹூம், இது இவன். இது இவன் செய்யற ஜெனிட்டா. போன வருசம் இதே எடத்துல செஞ்சது. அக்காதான் கேட்டுச்சு. ஆனா அக்கா கேட்டுச்சுன்னு மட்டும் சொன்னா பொய்யி. பிலோமினா இவனத் திரும்பிப் பாத்துச்சு. அந்தப் பார்வை வேணும்னு சொல்லுதா வேணாம்னு சொல்லுதான்னு இவன் யோசிக்கல, மேடையேறினவன் யோசிப்பானா, தொண்டையச் செருமினான், கழுத்தக் கொஞ்சம் உள்ள இழுத்தான், நாக்க மேலண்ணத்துல அப்படி வச்சான், "அம்மா, என் ரிப்பன் எங்க? மணியாச்சும்மா"ன்னான். அச்சு. அச்சு அசல். அந்த 'ம்மா'வுல வர்ற சிணுங்கல், 'எங்க'ல வர்ற அதட்டல், எல்லாம். அக்கா அலறிருச்சு. மச்சான் துண்ட வாயில வச்சுக்கிட்டாரு. பிலோமினா எந்திரிச்சு வந்து ரெண்டு கையாலயும் இவன் மூஞ்சியப் புடிச்சுக்கிச்சு, இவன் வாயையே பாத்துச்சு, கதவத் தொறந்தா உள்ள ஆளு இருக்கும்னு பாக்கற மாதிரி. அந்த நேரத்துல இவன் என்ன நெனச்சான் தெரியுமா? அத யாருகிட்டயும் சொல்ல முடியாது. அந்தக் கூத்தாடிப் புத்திக்குள்ள ஒரு மூலையில கைதட்டுவாங்களான்னு இருந்துச்சு. பொதச்ச மண்ணு மேல நின்னுக்கிட்டு. கைதட்டுவாங்களான்னு.

வீட்டுக்குப் போயி செருப்பக் கழட்டறப்பவே தெரிஞ்சுபோச்சு. ரிப்பன் எங்கன்னு அவ கேட்டது எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாத்தான், இவன் கேட்டதுதான் வந்துச்சு. பசிக்குதும்மா, அதுவும் இவன். அப்பா, பக்கத்து வீட்டுப் பையன் என்னை அடிக்கிறான், அதுவும் இவன், அந்தப் பையன் கொரலும் இவனே. உள்ள இருந்த அத்தனையிலயும் இவன் கொரலு பூந்துருச்சு, வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன வெரட்டிவிட்ட கணக்கா. சரி, டேப்பு இருக்கே. டேப் ரிக்கார்டர் இருந்துச்சு, ஒரு பொட்டி நெறையா கேசட்டு இருந்துச்சு, எல்லாத்துலயும் யாரு? இவன். யானை, இவன். தலைவருங்க, இவன். வீட்ல ஒரு புள்ள நாள் பூரா லொடலொடன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சுச்சு, அத ஒரு நாள் பதிவு பண்ணணும்னு தோணல, அதுதான் பேசிக்கிட்டே இருக்கே, எங்க போயிரப்போவுது. ஒரே ஒரு கேசட்டுல யானை பிளிறி முடிச்சதும் பின்னாடி ஒரு சின்னச் சிரிப்பு. க்ளுக்குனு. கெடச்சதும் அத எத்தன தடவ போட்டான்னு கணக்கில்ல, டேப்பு தேஞ்சு நாடா மடிஞ்சு, கடைசிக் கடைசியா அதுவும் சந்தேகமாப் போச்சு. யானை நல்லா வந்துச்சுன்னா தானே சிரிச்சுக்கற பழக்கம் இவனுக்கும் உண்டு. அது இவனாவும் இருக்கலாம். பிலோமினாவ உக்காத்தி வச்சுப் போட்டுக் காட்டினான், யாருன்னு சொல்லுன்னான். அது கேட்டுச்சு. மறுபடி போடுங்கன்னுச்சு. மறுபடி கேட்டுச்சு. எந்திரிச்சுப் போயி அடுப்புல எரியாத வெறக ஊதுச்சு. அப்பறம் வெத்தலக் கொடிக்கால் பக்கம் நல்ல வெயில் காலத்துல ஒரு நாளு, பஸ்ஸுக்கு நிக்கறப்ப, யாரும் எதுவும் கேக்காமயே சொல்லுச்சு, "அவ மொகமும் அந்தக் கல்லறை ஃபோட்டோவாவே ஆயிருச்சுங்க. வேற மொகம் வர மாட்டேங்குது." அவ்வளவுதான். பஸ்ஸு வந்துருச்சு. இவன் ஏறினதும் கண்டக்டரு மாதிரி, உள்ள போ உள்ள போன்னான், பஸ்ஸே சிரிச்சுச்சு.

"டேய், சாமி ரெண்டாவது வரிசைக்கு வந்துட்டாருடா"ன்னு அக்கா. "பாத்தா என்ன நெனப்பாரு? பைத்தியம் புடிச்ச வீடுன்னு நெனைக்க மாட்டாரு? சின்னப் புள்ள சுவத்துல கிறுக்கின மாதிரி." சின்னப் புள்ள சுவத்துல கிறுக்கின மாதிரி. ஆமா. அது சரியாத்தான் சொல்லுது, அக்கா வாயிலருந்து எப்பவாவது ஒண்ணு சரியா விழுந்துரும். ஜெனிட்டாவுக்குப் பல்லு மொளைச்சு நடந்து திரிஞ்ச வயசுல கூடத்துச் சுவத்துல கரித்துண்டால சுத்திச் சுத்திச் சுத்தி ஒண்ணு போட்டு வச்சா. ஆளு ஒசரத்துக்கு இல்ல, அவ ஒசரத்துக்கு. இவன் குந்த உக்காந்து கேட்டான், என்னடி இது, காக்காவா? இல்ல. நாய்க்குட்டியா? இல்ல. அப்பாவா? இல்ல இல்ல. அப்ப என்னதான்டி? "இது"ன்னா அவ. இதுன்னா என்ன? இதுதான் இது. அன்னைக்கு அவ மூக்கச் சுளிச்சா, கைய இடுப்புல வச்சா, இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியலயேன்னு ஒரு பார்வை பாத்தா, அது இருக்கு, எல்லாம் இருக்கு, அப்பறம் வாயத் தொறக்கறா, வர்றது இவன். கிறிஸ்மஸ் வந்துச்சு, எல்லா வீட்லயும் வெள்ளையடிச்சாங்க, இந்த வீட்லயும் அடிச்சாங்க. அடிச்சது யாரு? இவன்தான், இதே மட்டயா இல்லாட்டியும் இதே கை. கரி சுண்ணாம்புக்குள்ள லேசா நீலம் பூத்து ரெண்டு நாளு தெரிஞ்சுச்சு. ரெண்டாவது கோட்டிங்ல போயிருச்சு. சுத்தமாயிருச்சுன்னு சந்தோசப்பட்டான்.

மட்டய எடுத்தான். எடுத்துட்டானே தவிர கை என்ன பண்ணும்னு அவனுக்கே தெரியல. சுண்ணாம்புத் தண்ணி சொட்டுது, வாளிக்குள்ள, வாளிக்கு வெளிய, அக்கா பொடவ ஓரமா. அக்கா "ம், அடி"ங்குது. மச்சான் "ஏய் விடுறி, அவங்க புள்ள, அவங்க பாத்துக்குவாங்க"ங்கறாரு, "ஆமா, நீங்க பாத்துக்கிட்டுத்தான் கிழிச்சீங்க"ன்னு அவருக்கும் ஒண்ணு விழுவுது. பிலோமினா தடுக்கும்னு பாத்தான். தடுத்தா நல்லாருக்கும். கையப் புடிச்சு இழுத்து, நாலு பேரு முன்னாடி கேவலமா ரெண்டு வார்த்தை திட்டினா அத அப்படியே புடிச்சுக்கிட்டு ஒரு வாரம் ஓட்டலாம். அது தடுக்கல. கூடைகிட்ட உக்காந்து வத்திக்கட்டப் பிரிச்சுக்கிட்டிருக்கு, விரலெல்லாம் நீலமும் செவப்புமா, நகத்துக்கடியில மஞ்சளு. அடிக்கறதுன்னா அடிச்சுக்கங்கங்கற முதுகு. இவன் கல்லறைய, காலைலருந்து மொத தடவையா, சும்மாப் பாத்தான். பேரு வைக்காம. அந்த மஞ்சள் நீலத்துல வந்து மோதி நிக்குதுல்ல, அங்க கண்ணு போச்சு, நின்னுச்சு, நகரல. அந்தச் செவப்புல கை தேச்ச தடம் கீழருந்து மேலயும் இல்ல, மேலருந்து கீழயும் இல்ல, ஒரே எடத்துல திரும்பத் திரும்பத் திரும்ப. என்ன மாதிரின்னா, அது, பசி மாதிரி, இல்ல, மாடிப்படியில ஒரு படி கொறைஞ்ச மாதிரி, சீ, இந்த மாதிரி மாதிரின்னு வர்ற வாய யாராவது தெச்சுவிட்டா தேவல. ஓரமா வெரல வச்சுப் பாத்தான். காயல. ஒரு எறும்பு ஒட்டிக்கிட்டுக் காலாட்டுது. வெரல்ல பச்ச ஒட்டிக்கிச்சு, துடைக்கத் துணி தேடினான், கெடைக்கல, சட்டையில துடைச்சான். இதுக்குள்ள எங்கயோ அவ இருக்கா, பிலோமினாவுக்கு இருக்கா. அந்தக் கிராப்பு அம்மாவுக்கு அழிச்ச இழுப்புல இருந்த மாதிரி. இவனுக்கு? இவன் எவ்வளவு நேரம் பாத்தாலும் பெயிண்ட்டு. புண்ணு மாதிரி, பொரியல் மாதிரி, சிலோன் மாதிரி. உள்ள விட மாட்டேங்குது. வெளிய நிறுத்திருச்சு, தெருவுல, ஆட்டோவோட, மைக்கோட.

அதுக்குள்ள பக்கத்துக் கல்லறையில நெசச் சாமியாரு கொரலு, மூக்கடைப்போட, கடைசி எழுத்த இழுத்துக்கிட்டு. ஒருவழியா இங்க வந்துட்டாரு. எல்லாரும் எந்திரிச்சாங்க. அவரு செம்பத் தூக்கினவரு அப்படியே நின்னு, கண்ணாடியச் சரிபண்ணி கல்லறைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்ன சின்னப்பா, பெயிண்ட் கடை கவுந்துருச்சா?"ன்னாரு. குப்புனு சிரிப்பு. அக்கா கூடச் சிரிச்சுருச்சு. இவன் வாயில இருக்க வேண்டிய ஜோக்கு, அவரு வாயிலருந்து வருது, இப்ப யாரு யாரு மாதிரி? எல்லாரும் இவனப் பாக்கறாங்க. இவன் திருப்பி ஒண்ணு போடணும், அதான மொற, வாய் தயாராத்தான் இருக்கு, உள்ள நூறு கொரலு வரிசையில நிக்குது, என்னைக் கூப்பிடு என்னைக் கூப்பிடுன்னு, ஒண்ணக் கூப்பிட்டான், வரல, இன்னொண்ணக் கூப்பிட்டான், அதுவும் வரல. மட்டய வாளிக்குள்ள போட்டான். தண்ணி தெறிச்சு சாமியாரு அங்கி ஓரத்துல வெள்ளையா ஒரு பொட்டு. பிலோமினா பக்கம் திரும்பினான். யாரு கொரலும் இல்லாம, கரகரன்னு, இதுதான் சொந்தக் கொரலான்னு அவனுக்கே தெரியாத ஒண்ணுல கேட்டான்: "பிலோ, நெசமாக் கேக்கறேன். இது எது மாதிரிதான் இருக்கு?"

பிலோமினா வத்தியப் பத்தவச்சுது. காத்துல அணையாம கையக் குவிச்சு வச்சுக்கிட்டு, அவனப் பாக்காமயே சொல்லுச்சு:

"எது மாதிரியும் இல்ல. அவ மாதிரி இருந்ததையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க. இது மிச்சம்."